கேட் தேர்வில் 84 பர்சன்டைல்: வேலையை விடுவதா, கிடைத்த இடத்தில் சேர்வதா?

கேள்வி: கரூரில் வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வயது 24. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். பத்தாம் வகுப்பில் 91, பன்னிரண்டாம் வகுப்பில் 88, பி.காம். படிப்பில் 71 சதவீத மதிப்பெண்கள். எம்.பி.ஏ. படிக்க, இந்திய மேலாண்மைக் கழகங்களான ஐ.ஐ.எம்.களில் சேர்வதற்கான கேட் (CAT) தேர்வைக் கடந்த நவம்பரில் முதல் முறையாக எழுதினேன். மொத்தத்தில் 84 பர்சன்டைல். கணிதத்தில் 91, தரவு விளக்கமும் தர்க்கமும் கொண்ட பகுதியில் 85, ஆங்கிலத்தில் 62. எந்த ஐ.ஐ.எம்.மிலிருந்தும் நேர்காணல் அழைப்பு வரவில்லை. நாங்கள் பி.சி. வகுப்பினர் என்றாலும், அரசு அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து இன்றும் அதே பதவியில் இருக்கும் அப்பாவின் சம்பளமும் எங்கள் 3 ஏக்கர் நிலத்தின் வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு 8 லட்சத்தைத் தாண்டுவதால், பொதுப் பிரிவிலேயே விண்ணப்பித்தேன். அம்மா வீட்டில் இருக்கிறார். வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் முழுநேரப் பயிற்சியில் சேரலாமா? இதற்கிடையில் ஒரு தனியார் கல்லூரி 14 லட்சம் கட்டணத்தில் இடம் தருவதாகச் சொல்லி, பத்து நாட்களில் 1 லட்சம் முன்பணம் கட்டச் சொல்கிறது. அதை ஏற்றுக்கொள்வதா? நேர்காணலில் ஆங்கிலத்தில் பேச வேண்டுமே என்ற பயமும் இருக்கிறது. இன்னும் ஒரு வருடம்தான் அவகாசம், அதன் பிறகு திருமணம் என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருவதற்கு முன், கேள்வியாகவே கேட்காமல் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன். அப்பாவின் சம்பளமும் நிலத்து வருமானமும் சேர்ந்து 8 லட்சத்தைத் தாண்டுவதால் பொதுப் பிரிவில் விண்ணப்பித்ததாகச் சொல்கிறீர்கள். அந்தக் கணக்கு தவறு. ஆங்கிலப் பகுதியில் நீங்கள் இழந்த மதிப்பெண்களைவிட இந்தத் தவறு உங்களுக்குக் கூடுதலான இழப்பை ஏற்படுத்தியிருக்கலாம்.

ஐ.ஐ.எம்.கள் உள்ளிட்ட மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களில் இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு (ஓ.பி.சி.) 27 சதவீத இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவர்களில் ‘கிரீமி லேயர்’ எனப்படும் மேல்தட்டுப் பிரிவினருக்கு மட்டும் அந்த ஒதுக்கீடு கிடையாது. அதற்கான வருமான வரம்பு 2017 முதல் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் என்பது உண்மைதான். ஆனால், அந்த வரம்பைத் தாண்டுகிறோமா என்று பார்க்கும்போது சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் கூட்டக் கூடாது என்று 1993ஆம் ஆண்டு வெளியான மத்திய அரசின் மூல ஆணையே சொல்கிறது. அரசு ஊழியர்களின் பிள்ளைகளைப் பொறுத்தவரை சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை, பதவி எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்றுதான் பார்க்கிறார்கள். பெற்றோரில் ஒருவர் ‘ஏ’ பிரிவுப் பணியில் நேரடியாகச் சேர்ந்தவராக இருந்தாலோ, இருவருமே ‘பி’ பிரிவுப் பணியில் நேரடியாகச் சேர்ந்தவர்களாக இருந்தாலோ பிள்ளைகள் விலக்கப்படுவார்கள். உதவியாளர் பதவி இந்த இரண்டிலும் வராது. நிலத்துக்கென்று தனி அளவுகோல் இருக்கிறது. சட்டப்படியான நில உச்சவரம்பில் 85 சதவீதத்தை எட்டும் பாசன நிலம் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது பொருந்தும், 3 ஏக்கர் அதற்கு வெகு தொலைவில் இருக்கிறது. ஆகவே வாடகை, வட்டி, வியாபாரம் போன்ற பிற வழிகளில் உங்கள் குடும்பத்துக்குப் பெரிய வருமானம் ஏதும் இல்லையென்றால், நீங்கள் கிரீமி லேயருக்குள் வர வாய்ப்பில்லை.

உங்கள் சாதியின் பெயர் மாநிலத்தின் பி.சி. பட்டியலில் இருப்பதோடு மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலிலும் இருக்கிறதா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டு பட்டியல்களும் முழுக்க ஒன்றல்ல. இருக்குமானால், பள்ளியில் சேர்ந்தபோது வாங்கிய சாதிச் சான்றிதழ் இதற்குப் போதாது; மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில் இல்லை என்ற வாசகத்துடன் தனியாக ஓ.பி.சி. சான்றிதழ் பெற வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வரும். ‘சம்பளம் 8 லட்சத்துக்கு மேல் போகிறதே’ என்று அங்கேயும் யாராவது திருப்பி அனுப்பக்கூடும். அப்படி நடந்தால், மேலே சொன்ன ஆணையின் நகலை எடுத்துச் சென்று பொறுமையாகக் காட்டுங்கள். பொதுவாக அந்தந்த நிதியாண்டில் பெற்ற சான்றிதழைத்தான் கேட்கிறார்கள் என்பதால் ஏப்ரல் பிறந்ததும் விண்ணப்பிப்பது நல்லது. கேட் விண்ணப்பத்தில் ஒருமுறை குறித்த பிரிவைப் பின்னர் மாற்ற அனுமதிப்பதில்லை. கடந்த ஆண்டுக்கு இனி செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகஸ்டில் அடுத்த விண்ணப்பம் தொடங்கும்போது சான்றிதழ் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் மதிப்பெண்ணுக்கு வருவோம். 84 பர்சன்டைல் என்றால் நூற்றுக்கு 84 மதிப்பெண் என்று வீட்டில் பெருமைப்பட்டிருப்பார்கள். தேர்வு எழுதியவர்களில் 84 சதவீதம் பேர் உங்களுக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். 2024 கேட் தேர்வை ஏறக்குறைய 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். அந்தக் கூட்டத்தில் 84 பர்சன்டைல் பெற்றவருக்கு முன்னால் சுமார் 47,000 பேர் இருப்பார்கள். 95 பெற்றவருக்கு முன்னால் 15,000க்குச் சற்றுக் குறைவாக, 99 பெற்றவருக்கு முன்னால் 3,000க்குச் சற்றுக் குறைவாக. இதைக் கேட்டு மலைக்க வேண்டாம். அந்தத் தேர்வில் 68 கேள்விகள், கேள்விக்கு 3 மதிப்பெண் வீதம் மொத்தம் 204. அண்மை ஆண்டுகளில் மொத்த மதிப்பெண்ணில் பாதியைக்கூட எட்டாதவர்கள் 99 பர்சன்டைல் பெற்றுவிடுகிறார்கள். எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருப்பவரைவிட, எதைத் தொடாமல் விடுவது என்று தெரிந்தவருக்குச் சாதகமான தேர்வு இது.

ஆனாலும், நீங்கள் நினைப்பதுபோல இது ஒரு தேர்வு எழுதி ஒரு கட்-ஆஃப் தாண்டினால் உள்ளே போய்விடும் விஷயம் இல்லை. பொறியியல் கலந்தாய்வில் ஒரே தரவரிசைப் பட்டியலைப் பார்த்துப் பழகிய நம் ஊர்ப் பிள்ளைகள் பலரும் இதையும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக ஒரு கூட்டல் கணக்குப் போடுகிறது. அகமதாபாத் ஐ.ஐ.எம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இளநிலைப் பட்டம் ஆகியவற்றின் மதிப்பெண்களுக்கும் பணி அனுபவத்துக்கும் புள்ளிகள் கொடுத்து, அதையும் கேட் மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்து நேர்காணலுக்கு அழைக்கிறது; அதோடு, பட்டப்படிப்பின் துறைவாரியாக விண்ணப்பதாரர்களைப் பிரித்து ஒவ்வொரு துறையிலும் முன்னணியில் இருப்பவர்களையும் தேர்ந்தெடுக்கிறது. பெங்களூருவும் பள்ளி மதிப்பெண்களுக்கு எடை தருகிறது. கோழிக்கோடு, லக்னோ உள்ளிட்டவை பொறியியல் படிக்காதவர்களுக்கும் பெண்களுக்கும் கூடுதல் புள்ளிகள் தருகின்றன. விகிதங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் சேர்க்கைக் கொள்கையை வெளியிடுகிறது. நாற்பது பக்கப் பயிற்சிப் புத்தகத்தைப் படிப்பதைவிட, அந்த நான்கு பக்க ஆவணத்தை இரண்டு முறை படிப்பது உங்களுக்குப் பயன் தரும்.

அந்த ஆவணத்தில் ‘குறைந்தபட்சத் தகுதி’ என்று ஓர் எண் இருக்கும். அதைத் தாண்டினால் அழைப்பு வந்துவிடும் என்று எண்ணி ஏமாறாதீர்கள். அது வாசற்படி மட்டுமே. உண்மையில் அழைப்பு கிடைப்பவர்களின் மதிப்பெண் அதைவிட மிக உயரத்தில் நிற்பதே வழக்கம். மொத்தத்துக்கு மட்டுமன்றி, மூன்று பகுதிகளுக்கும் தனித்தனியாகக் குறைந்தபட்சம் உண்டு. பொதுப் பிரிவில் 84 என்பதே போதாது. அதிலும் ஆங்கிலத்தில் 62 வைத்துக்கொண்டு பெரும்பாலான வாசல்களில் உங்கள் விண்ணப்பம் எடுத்துப் பார்க்கப்படாமலேயே போயிருக்கும். இதே மதிப்பெண்ணோடு ஓ.பி.சி. பிரிவில் இருந்திருந்தால், புதிய ஐ.ஐ.எம்.கள் சிலவற்றின் அழைப்பு வரம்பை நெருங்கியிருப்பீர்கள் என்றே என் அனுபவத்தில் தோன்றுகிறது.

உங்கள் கணக்கில் இனி மாற்ற முடியாதவை 91, 88, 71 ஆகிய மூன்று எண்கள். முதல் இரண்டும் உங்களுக்குக் கைகொடுக்கும், மூன்றாவது சற்று இழுக்கும். வணிகவியல் பட்டமும், பெண் என்பதும், இரண்டு ஆண்டுப் பணி அனுபவமும் சாதகமானவை. மாற்றக்கூடியவை மூன்றுதான்: ஆங்கிலப் பகுதி, விண்ணப்பிக்கும் நிறுவனங்களின் பட்டியல், நேர்காணல். இந்த ஓராண்டு உழைப்பு முழுவதையும் இவற்றின் மீது மட்டும் செலவிடுங்கள். கணிதத்தில் 91 பெற்றிருக்கிறீர்கள். வாரம் ஒரு பயிற்சித் தேர்வோடு அதைத் துருப்பிடிக்காமல் வைத்துக்கொண்டால் போதும். விருப்பமான பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பது உழைப்பைப் போலத் தோன்றும் ஒரு சோம்பல் என்று என் மாணவர்களிடம் சொல்வதுண்டு. அவர்களுக்கு அது பிடிப்பதில்லை.

வேலையை விட வேண்டாம். பணி அனுபவத்துக்குப் புள்ளி தரும் நிறுவனங்கள் அதை மாதக் கணக்கில்தான் அளக்கின்றன. நீங்கள் இப்போது விலகினால் வளரும் ஒரு எண்ணை நீங்களே நிறுத்திவிடுகிறீர்கள். நேர்காணலில் ‘கடந்த பத்து மாதங்களாக என்ன செய்தீர்கள்’ என்ற கேள்விக்கு ‘கேட் தேர்வுக்குப் படித்தேன்’ என்று சொல்வது குற்றமில்லை என்றாலும், அந்தப் பதிலை வைத்துக்கொண்டு மேற்கொண்டு பேச எதுவும் இருக்காது. வார நாட்களிலும் சனிக்கிழமையிலும் தினம் 2 மணி நேரம், ஞாயிறன்று 5 மணி நேரம் என்று வைத்தால் வாரத்துக்கு 17 மணி நேரம். நவம்பர் வரையிலான 40 வாரங்களில் 680 மணி நேரம். உங்கள் நிலையில் இருப்பவருக்கு இது தாராளம். பயிற்சி நிறுவனத்தின் மாதிரித் தேர்வுத் தொகுப்பை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பு அவசியம் என்று தோன்றினால் இணையவழியில் ஆங்கிலத்துக்கு மட்டும் சேரலாம். சேர்த்து வைத்திருக்கும் விடுப்பு இருந்தால், அதை நவம்பரின் கடைசி மூன்று வாரங்களுக்கு என்று இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

ஆங்கிலப் பகுதியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் வழியில் படித்தவர்கள் இந்த இடத்தில்தான் தவறான மருந்தைச் சாப்பிடுகிறார்கள். ஆங்கிலம் வரவில்லை என்றவுடன் இலக்கணப் புத்தகமும் சொற்பட்டியலும் வாங்கி மனப்பாடம் செய்கிறார்கள். கேட் தேர்வு இலக்கணத்தையோ அருஞ்சொல் பொருளையோ நேரடியாகக் கேட்பதில்லை. அண்மைத் தேர்வுகளில் அப்பகுதியின் 24 கேள்விகளில் 16 கேள்விகள் நான்கு உரைப்பகுதிகளை வாசித்து விடையளிப்பவை. அந்த உரைப்பகுதிகள் மானுடவியல், பொருளாதாரம், உயிரியல், வரலாறு, தத்துவம் என எங்கிருந்தும் வரலாம். செய்தித்தாள் தலையங்கம் மட்டும் படித்துப் பழகியவருக்கு அவை அந்நியமாகத் தோன்றுவதற்குக் காரணம், தலையங்கம் ஒரு கருத்தைச் சொல்லி முடித்துவிடும். இந்தக் கட்டுரைகளோ ஒருவரின் கருத்தைச் சொல்லி, அதை மறுத்து, மறுப்பில் பாதியை ஒப்புக்கொண்டு, கடைசியில் வேறோர் இடத்துக்கு வந்து சேரும். தடுமாற்றம் சொல்லில் ஏற்படுவதில்லை, வாதத்தின் போக்கைத் தொடர்வதில்தான் ஏற்படுகிறது.

ஆகவே நாளொன்றுக்கு ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிறுத்தி, ஆசிரியர் இந்தப் பத்தியில் என்ன செய்தார் என்று ஒரே வாக்கியத்தில் தமிழில் எழுதுங்கள். என்ன சொன்னார் என்று எழுதாதீர்கள், என்ன செய்தார் என்று எழுதுங்கள்: ‘முன்னவர் கருத்தை எடுத்துரைக்கிறார்’, ‘அதற்கு ஒரு விதிவிலக்குக் காட்டுகிறார்’, ‘விதிவிலக்கு ஏன் முக்கியம் என்கிறார்’. தமிழில் எழுதினால் ஆங்கிலம் வளராதே என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆங்கில வாக்கியத்தை அப்படியே ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லிவிட்டுப் புரிந்ததாக எண்ணிக்கொள்வது எளிது. புரியாத ஒன்றைத் தமிழில் சொல்லவே வராது. முதல் மாதம் ஒரு கட்டுரைக்கு ஒரு மணி நேரம் ஆகும். மே மாதத்துக்குள் அது இருபது நிமிடங்களாகக் குறைந்திருந்தால் நீங்கள் சரியான வழியில் இருக்கிறீர்கள். அதன் பிறகு எழுதுவதை விட்டுவிட்டு மனத்துக்குள் சொல்லிக்கொண்டால் போதும்.

விடைத் தெரிவுகளில்தான் மதிப்பெண் போகிறது. நான்கில் இரண்டு தெரிவுகளை எளிதில் நீக்கிவிட்டு, மிச்சமுள்ள இரண்டில் தவறானதைத் தேர்ந்தெடுப்பது உங்கள் பழக்கமாக இருக்கும்; 60 பர்சன்டைலைச் சுற்றி நிற்பவர்களின் விடைத்தாள்களில் பெரும்பாலும் நான் காண்பது அதுதான். மாதிரித் தேர்வு முடிந்த பிறகு, தவறாகப் போன ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடை ஏன் சரி என்று படிப்பதோடு நிறுத்தாமல், நீங்கள் தேர்ந்தெடுத்தது எந்தச் சொல்லால் தவறாகிறது என்று கண்டுபிடித்து ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். உரைப்பகுதி ‘சில’ என்றிருக்க விடை ‘எல்லா’ என்று சொல்லியிருக்கும். ஆசிரியர் எடுத்துக்காட்டிய பிறர் கருத்தை ஆசிரியரின் கருத்தாகவே காட்டியிருக்கும். ஐம்பது கேள்விகளுக்கு இப்படிச் செய்தால், நீங்கள் மாட்டிக்கொள்ளும் பொறிகள் நான்கைந்து வகைக்குள் அடங்கிவிடுவதைக் காண்பீர்கள். மாதிரித் தேர்வு எழுதும் 2 மணி நேரத்தைவிட அதை அலசும் நேரம் அதிகமாக இருக்க வேண்டும்.

தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிக்கப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிவுகள் இல்லாமல் விடையைத் தட்டச்சு செய்ய வேண்டிய கேள்விகளுக்குக் கழிவு இல்லை என்பதால் அவற்றில் ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக 40 நிமிடங்கள் என்பதால், கணிதத்தில் மிச்சப்படுத்திய நேரத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர முடியாது. நான்கு உரைப்பகுதிகளையும் அரைகுறையாகத் தொடுவதற்குப் பதில் மூன்றை நிதானமாக முடிப்பது உங்களுக்கு, குறைந்தது செப்டம்பர் வரை, ஏற்றது.

தனியார் கல்லூரியின் இடத்தைப் பற்றி. அந்தக் கல்லூரி எதுவென்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை; பத்து நாள் கெடு விதிப்பதை வைத்து மட்டும் எதையும் முடிவுகட்டவும் வேண்டாம். ஆனால் பணத்தைக் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கல்லூரிகள் சமர்ப்பிக்கும் விவரங்கள் பொதுவெளியில் இருக்கின்றன. அதில் எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேர் வேலையில் அமர்ந்தார்கள், அவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று இருக்கும். இடைநிலைச் சம்பளம் என்பது வேலை கிடைத்தவர்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. விளம்பரப் பலகையில் போடும் ‘அதிகபட்சச் சம்பளம்’ ஒரே ஒருவர் வாங்கியது, அவர் சேர்வதற்கு முன்பே எட்டு ஆண்டு அனுபவம் உள்ளவராகக்கூட இருக்கலாம். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை: 14 லட்சம் கட்டணத்தோடு விடுதிச் செலவையும், இரண்டு ஆண்டுகள் நீங்கள் விட்டுக்கொடுக்கும் சம்பளத்தையும் கூட்டி, அந்த இடைநிலைச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கல்லூரி அத்தகைய விவரங்களை எங்குமே வெளியிடவில்லை என்றால், அதுவே உங்களுக்கான பதில். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால், ஏ.ஐ.சி.டி.இ. எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியாக இருக்கும்பட்சத்தில், வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகுபவருக்கு 1,000 ரூபாய்க்கு மிகாத நடைமுறைக் கட்டணம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதி இருப்பதை நினைவில் வையுங்கள். உங்கள் மதிப்பெண்களை வைத்துப் பார்க்கும்போது இந்த ஆண்டே அவசரமாக அங்கே சேர வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை என்பது என் கருத்து.

விண்ணப்பப் பட்டியலில் பலரும் செய்யும் தவறு, கேட் படிவத்தில் ஐ.ஐ.எம்.களை மட்டும் குறித்துவிட்டு, தேர்வு முடிந்ததும் காத்திருப்பது. கேட் மதிப்பெண்ணை ஏற்றுக்கொண்டு, ஆனால் தனி விண்ணப்பம் கேட்கும் நல்ல நிறுவனங்கள் பல உள்ளன: சென்னை ஐ.ஐ.டி.யின் மேலாண்மைத் துறை, திருச்சி என்.ஐ.டி.யின் மேலாண்மைத் துறை, குறைந்த கட்டணத்துக்குப் பெயர்பெற்ற டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் புலமான எஃப்.எம்.எஸ்., உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே 1984 முதல் இயங்கும் திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் ஆகியவை அவற்றுள் சில. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இரண்டிலும் மேற்சொன்ன 27 சதவீத ஒதுக்கீடு உங்களுக்குப் பொருந்தும். ஐ.ஐ.எம்.களில் அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா மூன்றையும் குறித்துவையுங்கள், ஆனால் அவற்றை நம்பித் திட்டமிடாதீர்கள். ஆங்கிலத்தை 85க்கு உயர்த்தி மொத்தத்தில் 94, 95 எட்டினால் கோழிக்கோடு, லக்னோ, இந்தூர் ஆகியவை கைக்கெட்டும் தூரத்துக்கு வரும். 90ஐ ஒட்டி நின்றாலும் திருச்சி, உதய்ப்பூர், காசிப்பூர், ராய்ப்பூர் போன்றவற்றில் நியாயமான வாய்ப்பு இருக்கிறது. புதிய ஐ.ஐ.எம்.கள் பலவும் கூட்டாக ஒரே நேர்காணல் நடத்துவதால் ஒரு நாள் நன்றாக அமைந்தால் பல கதவுகள் ஒன்றாகத் திறக்கும், சறுக்கினாலும் அப்படியே. ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமையில் நடக்கும், எக்ஸ்.எல்.ஆர்.ஐ. உள்ளிட்ட தனியார் மேலாண்மைக் கல்லூரிகளுக்கான எக்ஸ்.ஏ.டி. (XAT) தேர்வையும், தமிழகக் கல்லூரிகளுக்காக அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வையும் எழுதிவையுங்கள்; இரண்டுக்கும் பெரிதாகத் தனித் தயாரிப்பு தேவைப்படாது.

நேர்காணலில் உங்கள் ஆங்கில உச்சரிப்புக்கு மதிப்பெண் போடப்போவதில்லை. இலக்கணம் அங்குமிங்கும் தட்டினாலும், தன் வேலையைத் தெரிந்து பேசுபவரைப் பேராசிரியர்கள் தொடர்ந்து பேச வைக்கிறார்கள். சரளமாக ஒன்றுமில்லாததைப் பேசுபவரை மூன்றாவது நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு முன்னும் பின்னும் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெங்களூருவிலோ சென்னையிலோ மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பொறியாளர்களாக இருப்பார்கள். கரூரிலிருந்து படுக்கை விரிப்பும் மேசை விரிப்பும் கப்பலேறும் ஒரு நிறுவனத்தின் கணக்கை எழுதுபவர் அந்த நாளில் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். அது எவ்வளவு பெரிய வாய்ப்போ, அவ்வளவு பெரிய பொறுப்பு. ஏனென்றால் கேள்விகள் அங்கிருந்துதான் வரும்.

ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்கிறார்களே, பிறகு உங்கள் நிறுவனம் ஏன் ஜி.எஸ்.டி. தொகையைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கிறது? ஏற்றுமதி, வரி விலக்குப் பெற்ற விற்பனைக்கும் சுழிய வரி விற்பனைக்கும் இடையில் எதில் சேரும், அந்த வேறுபாட்டால் நூலுக்கும் சாயத்துக்கும் கட்டிய வரி என்ன ஆகிறது? ஆர்டர் டாலரில் வருகிறது, கூலி ரூபாயில் கொடுக்கிறீர்கள். இடைப்பட்ட மூன்று மாதங்களில் ரூபாயின் மதிப்பு ஏறினால் நஷ்டம் யாருக்கு, அதைத் தடுக்க உங்கள் முதலாளி வங்கியில் என்ன செய்கிறார்? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களின் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது கையிலிருந்த ஆர்டர்கள் என்ன ஆயின, யார் எவ்வளவு தள்ளுபடியை ஏற்றுக்கொண்டார்கள்? இவற்றுக்கு விடை உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது. நீங்கள் பதிவு செய்யும் ஒவ்வொரு ரசீதும் எதற்காக என்று மேலாளரிடம் இன்றிலிருந்தே கேட்கத் தொடங்குங்கள். பி.காம். பட்டதாரியிடம் நடைமுறை மூலதனத்தையும் ரெப்போ விகிதத்தையும் நிச்சயம் கேட்பார்கள். ஆனால் பாடப்புத்தக வரையறையைச் சொல்லிவிட்டு, ‘எங்கள் நிறுவனத்தில் சரக்கு அனுப்பிப் பணம் வருவதற்கு இத்தனை நாள் ஆகிறது, அதுவரை வங்கியின் பணத்தில் ஓட்டுகிறோம்’ என்று ஒரு வாக்கியம் சேர்ப்பவரை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

எம்.பி.ஏ. ஏன் என்ற கேள்விக்குத் தலைமைப் பண்பு, உலகளாவிய பார்வை என்றெல்லாம் மனப்பாடம் செய்த பதில் வேண்டாம். உங்கள் வேலையில் எந்த முடிவை எடுக்கும் இடத்தில் உங்களை உட்கார வைக்கவில்லை, அங்கே உட்கார உங்களுக்கு எது தெரியவில்லை என்று யோசித்து எழுதிவையுங்கள். பேச்சுப் பயிற்சிக்குத் தினமும் பத்து நிமிடம், அன்று அலுவலகத்தில் நடந்த ஒன்றை ஆங்கிலத்தில் சொல்லிக் கைபேசியில் பதிவுசெய்து கேளுங்கள். முதல் இரண்டு வாரங்கள் உங்கள் குரலைக் கேட்க உங்களுக்கே பொறுக்காது, எல்லோருக்கும் அப்படித்தான்.

செலவைப் பற்றிச் சுருக்கமாக. முன்னணி ஐ.ஐ.எம்.களில் இரண்டு ஆண்டுக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. ஆனால் இத்தகைய நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு வீட்டையோ நிலத்தையோ அடமானம் கேட்காமல் கடன் தரும் திட்டங்கள் பொதுத்துறை வங்கிகளில் உள்ளன. பாரத ஸ்டேட் வங்கியின் ஸ்காலர் கடன் அவற்றில் ஒன்று. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தையும் பாருங்கள். அதில் 10 லட்சம் வரையிலான கடனுக்குக் கிடைக்கும் 3 சதவீத வட்டிச் சலுகைக்கும் 8 லட்சம் வருமான வரம்புதான். ஆனால் இங்கே குடும்பத்தின் ஆண்டு வருமானத்தையே கணக்கில் எடுப்பார்கள், கிரீமி லேயர் விதி இங்கே பொருந்தாது. ஆகவே சலுகை உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம், கடன் கிடைப்பதற்கு அது தடையாகாது. உங்கள் 3 ஏக்கர் நிலப் பத்திரத்தை யாரும் வெளியே எடுக்க வேண்டியதில்லை என்பதை அப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவருடைய தயக்கத்தில் பாதி அதுவாகக்கூட இருக்கலாம்.

அப்பா சொன்ன ஒரு வருடத்துக்கு வருகிறேன். நீங்கள் அதை நவம்பர் தேர்வு வரை என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்; அவரும் அப்படியே எண்ணியிருப்பார். தேர்வு நவம்பர் கடைசியில் நடக்கும். முடிவு டிசம்பர் கடைசிக்குள் வரும். நேர்காணல்கள் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இழுக்கும். சேர்க்கைப் பட்டியல் ஏப்ரல், மே மாதங்களில் வரும். காத்திருப்போர் பட்டியல் ஜூன் வரை நகரும். தேர்வு முடிந்த கையோடு தையிலேயே பெண் பார்க்கும் பேச்சு தொடங்கினால், நேர்காணல் நடக்கும் அதே வாரங்களில் வீட்டில் வேறொரு பரபரப்பு ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே இந்த மாதமே அப்பாவை உட்காரவைத்து, இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதிக் காட்டி, அவர் சொன்ன ‘ஒரு வருடம்’ அடுத்த ஆண்டு ஜூனில்தான் முடிகிறது என்று ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ஓ.பி.சி. சான்றிதழுக்காக எப்படியும் அவருடைய கையெழுத்தும் சம்பளச் சான்றும் தேவைப்படும். அதைக் கேட்கப் போகும் நேரமே இதைப் பேசுவதற்கும் ஏற்ற நேரம்.